மடியில் வேண்டாம்

முகத்துவாரக்குப்பத்திலிருந்து வேப்பேரிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். எங்கள் பக்கத்தில் நாய் வளர்ப்பவர்களிடம் வேப்பேரி என்றால் பெரிய ஆஸ்பத்திரிதான். 1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அது. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இந்த முனையில் வண்டி எடுத்தால், நெட்டுக்குப்பம், தாழங்குப்பம் தாண்டி எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டைப் பிடித்து, காசிமேடு, ராயபுரம், பேசின் பிரிட்ஜ் வழியாகப் போய்ச் சேர வேண்டும். 2021-ல் விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்துவிட்டது. ஆனால் அதில் நாயை ஏற்ற மாட்டார்கள். பஸ்ஸிலும் கண்டக்டர் ஏற்ற விடுவதில்லை. வீட்டில் சொந்தக் கார் இல்லாதவர்கள் நாய்க்கு ஒன்று என்றால் என்னைப் போன்ற ஆளைத்தான் கூப்பிட வேண்டும். முதலில் ஆட்டோ ஓட்டினேன். இப்போது பழைய வேகன் ஆர். மனிதர்களையும் ஏற்றுகிறேன், ஆனால் நாய்க்காரர் என்றுதான் கத்திவாக்கம் முதல் தண்டையார்பேட்டை வரை என்னைத் தெரியும்.

என் வண்டியில் ஏறும் நாய் பின் சீட்டில், பெல்ட்டில், தன் இடத்தில் உட்கார வேண்டும். அதற்குப் பிறகுதான் சாவியைத் திருப்புவேன். இந்த ஒன்றுக்காக நான் பேசிய பேச்சு கொஞ்சமல்ல. எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள்: "கொயந்த மாரி வளக்குறோம்ணா. மட்லயே வச்சிக்கிறேன், ஒண்ணும் பண்ணாது." நான் சொல்வேன், "கொயந்த மாரி வளக்குறீங்க, அதான்மா பெல்ட்டு."

கணக்கு எளிது. மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் வண்டி எதன்மீதாவது மோதி நின்றால், உள்ளே கட்டாமல் இருக்கும் உயிர் அதே 40-ல் முன்னால் போகும். ஏறத்தாழ 6 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து தரையைத் தொடும் வேகம் அது. அதாவது இரண்டாம் மாடி. 60-ல் போனால் 14 மீட்டர், நாலு மாடிக்கு மேல். 25 கிலோ லாப்ரடாரை இரண்டாம் மாடியிலிருந்து போட்டால் கையில் ஏந்திவிடுவேன் என்று எந்தத் தாயும் சொல்ல மாட்டாள். மடியில் வைத்திருக்கும்போது மட்டும் பிடித்துவிடலாம் என்று தோன்றுகிறது. பிடிக்க முடியாது. நாய் போய் முன் சீட்டில் இடிக்கும், இல்லையென்றால் ஓட்டுகிறவன் பிடரியில் இடிக்கும். 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பின் சீட்டில் பெல்ட் இல்லாமல் உட்கார்ந்து விபத்தில் இறந்தபோது, நாடு முழுக்கப் பின் சீட்டு பெல்ட்டைப் பற்றிப் பேசினார்கள். அந்த ஒரு மாதம் என் வண்டியில் மனிதர்கள் கேட்காமலே பெல்ட் போட்டார்கள். பிறகு மறந்துவிட்டார்கள்.

நான் ஓட்டும் ரோடும் சாதாரண ரோடு இல்லை. துறைமுகத்துக்குப் போகும் ட்ரெய்லர்கள் எண்ணூர் பக்கமிருந்தும் மணலி பக்கமிருந்தும் வந்து காசிமேட்டை நோக்கி வரிசை கட்டி நிற்கும். வரிசை நகரும்போது ஒவ்வொன்றும் திடீரென்று எடுக்கும், திடீரென்று நிற்கும். நின்ற ட்ரெய்லருக்கு முன்னாலிருந்து கிளீனர் பையன் ரோட்டைக் கடப்பான். கண்டெய்னரின் பின்பக்கத்தில் பிரேக் விளக்கு எரிகிறதா என்பதே பல வண்டிகளில் சந்தேகம். இங்கே சடன் பிரேக் போடாமல் ஒரு நடை போய்வர முடியாது. பெசன்ட் நகர்க்காரருக்கு எப்போதோ ஒருமுறை தேவைப்படும் பெல்ட் எங்களுக்குத் தினமும் தேவை.

சரி, எப்படிக் கட்டுவது?

கழுத்துப் பட்டையில் கட்டவே கூடாது. பிரேக் போட்டால் முழு எடையும் கழுத்தில் விழும். மார்பையும் தோளையும் சுற்றி வரும் ஹார்னெஸ்தான் வேண்டும். அதன் முதுகுப்புற வளையத்தில்தான் கொக்கி. பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும், மூன்று நுழையக் கூடாது. பிளாஸ்டிக் கிளிப் வைத்த ஹார்னெஸைக் காலை நடைக்கு வைத்துக்கொள்ளுங்கள், வண்டிக்கு ஆகாது. கடையில் 'கார் சேஃப்டி' என்று எழுதி விற்பதையெல்லாம் நம்ப முடியாது. அமெரிக்காவில் சென்டர் ஃபார் பெட் சேஃப்டி என்ற அமைப்பு 2013-ல் சந்தையில் கிடைத்த ஹார்னெஸ்களை வாங்கி, பொம்மை நாய்களுக்கு மாட்டி மோதல் சோதனை செய்தது. அவர்கள் வைத்த அளவுகோலில் ஒன்றுதான் சரியாகத் தேறியது. மற்றவற்றில் தையலோ வளையமோ விட்டுவிட்டது, அல்லது நாய் சீட்டைவிட்டு வெகுதூரம் போய்விட்டது.

நான் பயன்படுத்துவது புதுப்பேட்டையில் உடைக்க வந்த கார்களிலிருந்து எடுத்த சீட் பெல்ட் நாடா. ஓரம் பிசிறு இல்லாத, வெயிலில் வெளுக்காத நாடாவாகப் பார்த்து எடுப்பேன். தையல் எங்கள் குப்பத்தில் வலை பின்னும் பெரியவர் கைவேலை. நைலான் நூலில் பெட்டி மாதிரி நான்கு பக்கமும் தைத்து நடுவில் குறுக்கே இரண்டு ஓட்டு ஓட்டுவார். வளையம் இரும்பு. சிறிசு, நடுத்தரம், பெரிசு என்று மூன்று அளவில் வண்டியில் எப்போதும் கிடக்கும்.

கொக்கியிலிருந்து சீட்டுக்குப் போகும் வாரின் நீளத்தில்தான் பலர் தவறிப்போகிறார்கள். நாய் உட்காரலாம், படுக்கலாம், திரும்பலாம். ஆனால் முன் சீட்டு இரண்டுக்கும் நடுவே தலையை நீட்ட முடியக் கூடாது. அதுதான் அளவு. ரப்பர் மாதிரி இழுபடும் வார் வேண்டாம். இன்னொன்று, வாரின் முனையைப் பக்கிளில் சொருகும் வகை கடைகளில் கிடைக்கிறது. பக்கிளின் சிவப்பு பட்டன் மேலே பார்த்துக்கொண்டிருக்கும். நாய் எழுந்து நிற்கும்போது முன்னங்காலால் அழுத்திவிடும். 'டக்' என்று ஒரு சத்தம், கட்டு போய்விடும், ஓட்டுகிறவனுக்குத் தெரியவே தெரியாது. அதனால் வண்டியின் பெல்ட்டையே முதுகு வளையத்துக்குள் விட்டு எடுத்துப் பூட்டி, பக்கிள் மேல் துண்டை மடித்துச் சொருகிவிடுவேன்.

உட்காரும் இடம் இடது ஓரம். கண்ணாடியில் எனக்கு நாயின் முகம் தெரியும். கதவும் நடைபாதைப் பக்கம் திறக்கும். முன் சீட்டுக்குப் பின்னால் கால் வைக்கும் பள்ளத்தை மூடியாக வேண்டும். பிரேக்கில் நாய் அந்தப் பள்ளத்தில்தான் சரிந்து காலை முறித்துக்கொள்கிறது. கிழிந்த பழைய வலையைச் சாக்கில் திணித்து வாயைத் தைத்து அந்தப் பள்ளத்தில் அடைத்திருக்கிறேன். எடை இல்லை, நகராது, நனைந்தாலும் சீக்கிரம் காயும். குப்பத்தில் கிழிந்த வலைக்குப் பஞ்சமும் இல்லை. அதற்கு மேல் சீட்டையும் சேர்த்து ரப்பர் மேட். வழுவழுப்பான ரெக்ஸின் சீட்டில் நாயின் நகம் பிடிப்பில்லாமல் வழுக்கும். வழுக்கும் நாய் பயப்படும், பயந்த நாய் எழுந்து நிற்கும், நின்ற நாய்தான் விழும். காலுக்குக் கீழே பிடிப்பு கொடுத்தால் பாதி நாய்கள் தாமாகவே படுத்துவிடுகின்றன.

நாயின் உடல்வாகுக்குத் தக்கபடி எல்லாம் மாறும். சிப்பிப்பாறைக்குத் தலை ஒடுக்கம். கழுத்தும் தலையும் கிட்டத்தட்ட ஒரே அகலம். பின்னுக்கு இழுத்தால் எந்தக் கழுத்துப் பட்டையிலிருந்தும் உருவிக்கொண்டு வந்துவிடும். மார்பு ஆழமாகவும் வயிறு ஒட்டியும் இருப்பதால் கடை ஹார்னெஸும் தளர்ந்து நிற்கும். அதற்கென்று வயிற்றுக்கு முன்னால் இன்னொரு பட்டை தைத்து வைத்திருக்கிறேன். பக் நாய்க்கு மூக்கு சப்பை, மூச்சு வாங்கும். மார்புப் பட்டை சற்றே மேலேறித் தொண்டையைத் தொட்டாலும் திணறிவிடும். அது ஏறுவதற்கு முன்பே ஏசி போட்டு வண்டியைக் குளிர்வித்து வைக்க வேண்டும். நாட்டு நாய்க்குப் பெரும்பாலும் பட்டையே பழக்கமில்லை. முதல் பத்து நிமிடம் உதறும், கடித்துப் பார்க்கும். கூட வருகிறவர் பேசிக்கொண்டே முதுகில் கை வைத்திருந்தால் எர்ணாவூர் மேம்பாலம் வருவதற்குள் அடங்கிவிடும்.

ஜன்னல் விஷயத்தில்தான் சண்டையே வரும். தலையை வெளியே நீட்டிக் காற்று வாங்குவது நாய்க்குச் சந்தோஷம் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ட்ரெய்லர் ஒரு முழம் இடைவெளியில் கடந்து போகும். காற்றில் நிலக்கரித் தூளும் சாம்பலும் மணலும் இருக்கும். கண் சிவந்து, நீர் வடிந்து, கருவிழியில் கீறலோடு வேப்பேரிக்கு வந்த நாய்களை நிறைய ஏற்றியிருக்கிறேன். நான்கு விரல் அளவுதான் கண்ணாடியை இறக்குவேன். மூக்கு மட்டும் போகும். இறக்கியதும் கண்ணாடி பட்டன்களை ஓட்டுநர் பக்கத்திலிருந்து பூட்டிவிட வேண்டும். நாய் பட்டன் மேல் காலை வைத்து, கண்ணாடி ஏறி, தன் கழுத்தையே நெரித்துக்கொள்ளக் கூடும். கதவின் சைல்டு லாக்கும் போட்டே இருக்க வேண்டும்.

என் அனுபவத்தில் நாய் தொலைவது பெரும்பாலும் வண்டி நின்ற பிறகுதான். ஆஸ்பத்திரி வாசலில் பத்து நாய்களின் வாசனை, குரைப்பு. இறங்குகிற அவசரத்தில் கதவைத் திறப்பார்கள், நாய் வேப்பேரி ஹைரோட்டில் பாயும். அதனால் எங்களிடம் ஒரு வரிசை உண்டு: இன்ஜின் ஆஃப், ஹேண்ட் பிரேக், நடைக்கயிறு மாட்டி அதன் முனையைக் கையில் இரண்டு சுற்று, பிறகு பெல்ட் கழற்றல், கடைசியில் கதவு. சைல்டு லாக் போட்டிருப்பதால் வெளியே நின்று கதவைத் திறப்பது நான்தான். "கயிறு கையில இருக்காமா?" என்று கேட்டு, பதில் வந்த பிறகுதான் திறப்பேன்.

குட்டிகள் வாந்தி எடுக்கும். காதுக்குள் உடம்பின் நிதானத்தைப் பார்த்துக்கொள்ளும் பாகம் முழுதாக வளராததால் அப்படி என்று டாக்டர் சொன்னார். வளர வளரப் பலவற்றுக்குச் சரியாகிவிடும். கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பு சாப்பாட்டை நிறுத்தினால் போதும், தண்ணீர் தரலாம். எச்சில் ஒழுகி, உதட்டை நக்கி நக்கி விழுங்க ஆரம்பித்தால் வண்டியை ஓரம் கட்டிவிடுவேன்.

இரத்தமாகக் கழியும் குட்டிகள் வேறு கதை. அந்த நாற்றம் மூக்கில் ஏறினாலே பார்வோ என்று மனம் சொல்லிவிடும். அந்தக் கிருமி சோப்புத் தண்ணீருக்குச் சாகாது. அந்த நடை முடிந்ததும் மேட், சாக்கு, ஹார்னெஸ் எல்லாவற்றையும் ப்ளீச்சிங் பவுடர் கரைசலில் ஊறவைத்து, சீட்டையும் துடைத்து, வெயிலில் காயப்போடுவேன். காயும்வரை ஊசி போடாத இன்னொரு குட்டியை ஏற்றுவதில்லை. அன்றைய வருமானம் போனால் போகட்டும். வெறி பிடித்ததோ என்று சந்தேகம் இருக்கும் நாயை ஏற்றவே மாட்டேன். யாரும் பக்கத்தில் போகாமல் மாநகராட்சியின் 1913-க்குப் போன் போடச் சொல்வேன். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் கடிபடுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளும் ரேபிஸ் ஊசியைப் போட்டுக்கொண்டுதான் ஸ்டீயரிங்கைத் தொட வேண்டும்.

அடிபட்ட நாய்க்குப் பெல்ட் முறை ஆகாது. இடுப்பு, முதுகெலும்பு போயிருக்கலாம் என்று தோன்றினால் தூக்கக் கூடாது. போர்வையை அடியில் நகர்த்தி, இருவராகப் பிடித்துப் பலகையில் ஏற்றி, பலகையோடு சேர்த்துச் சீட்டில் கட்ட வேண்டும். எவ்வளவு சாதுவான நாயும் வலியில் கடிக்கும். அகலமான பேண்டேஜ் துணியை மூக்குக்கு மேல் ஒரு சுற்று, தாடைக்கு அடியில் ஒரு முடிச்சு, காதுகளுக்குப் பின்னால் ஒரு முடிச்சு. ஆனால் வாந்தி எடுக்கும் நாய்க்கும், மூச்சுத் திணறும் நாய்க்கும், பக் போன்ற சப்பை மூக்குக்கும் வாயைக் கட்டவே கூடாது.

கத்திரி வெயில் காலத்தில் என் பேச்சு கடுமையாகிவிடும். "அஞ்சு நிமிஷம்ணா, மருந்து வாங்கினு வந்துடறேன், நாய் உள்ளயே இருக்கட்டும்" என்பார்கள். அமெரிக்காவில் மருத்துவர்கள் செய்த ஆய்வு ஒன்று 2005-ல் வெளியானது. வெளியே 22 டிகிரி மட்டுமே இருந்தபோதுகூட, மூடி நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் 47 டிகிரிக்குப் போயிருக்கிறது. ஏறும் சூட்டில் பெரும்பகுதி முதல் அரைமணியிலேயே ஏறிவிடுகிறது; கண்ணாடியைக் கொஞ்சம் திறந்து வைத்தாலும் பெரிய மாற்றமில்லை. நமக்கு மே மாதம் வெளியிலேயே 40. நாயின் உடம்புச் சூடு சாதாரணமாகவே 38, 39 டிகிரி; 41-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. அதற்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை இறக்க வேண்டும். காற்றே கொதித்தால் எப்படி இறங்கும்? மருந்துக் கடைக்கு யார் போனாலும் நான் வண்டியை விட்டு இறங்குவதில்லை, ஏசி ஓடும். 1978-ம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகளே கோடையில் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை நாய்க்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்கின்றன. இந்த வெயிலில் நான் ஒரு மணிக்கு ஒருமுறை கொடுப்பேன்.

2023 டிசம்பர் எங்கள் ஊரை இரண்டு முறை உலுக்கியது. முதலில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து முகத்துவாரம் முழுக்கப் படிந்தது. படகு, வலை, நண்டு, அலையாத்தி, எல்லாம் கறுப்பு. கரையில் திரியும் எங்கள் நாய்களின் கால்களிலும் வயிற்றிலும் தார் போல ஒட்டியிருந்தது. ஒட்டியதை நாய் நக்கும். நக்கினால் வயிற்றுக்குள் போகும். ஆஸ்பத்திரி போகும் முக்கால் மணி நேரமும் நக்கிக்கொண்டே வந்தால் கொண்டுபோய் என்ன பயன்? பின் சீட்டில் பெல்ட்டைக் கட்டியதோடு கழுத்தைச் சுற்றி அட்டையில் கூம்பு வெட்டி மாட்டினோம். கெட்டியான எண்ணெயைச் சமையல் எண்ணெய் தடவி இளக்கி, பிறகு பாத்திரம் விளக்கும் திரவத்தால் கழுவச் சொன்னார் டாக்டர். மண்ணெண்ணெய் வேண்டாம், வாந்தி எடுக்கவைக்கவும் வேண்டாம் என்றார். அதைக் குப்பம் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனேன்.

அந்த மாதமே, 26-ம் தேதி நள்ளிரவுக்குச் சற்று முன்னால், கடலுக்கடியில் போகும் குழாயில் அமோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் கண் எரிந்து, மூச்சு முட்டி, தெருவில் ஓடினார்கள். பெரியகுப்பத்திலிருந்து ஓர் அக்கா போன் செய்தார். பக்கத்து வீட்டு ஆயாவுக்கு நடக்க முடியாது, சின்னப் பையன் இருக்கிறான், இரண்டு வீட்டிலும் நாய். இரண்டும் பார்த்தாலே அடித்துக்கொள்ளும் நாய்கள்.

"நாயையும் ஏத்தணுமாபா, மனுஷனுக்கே எடமில்ல" என்று ஒருவர் கத்தினார். அவர் பயத்தில் கத்தினார், அதில் தப்பில்லை. ஆயா முன் சீட்டில். பின்னால் இடது கோடியில் ஒரு நாய், வலது கோடியில் ஒரு நாய், நடுவில் அக்காவும் பையனும். இரண்டு நாயின் வாரையும் பாதியாகக் குறைத்து, மூக்கோடு மூக்கு எட்டாதபடி கட்டினேன். இருட்டில், கண்ணில் நீர் வழிய, தடவிப் பார்த்தே மாட்ட முடிந்தது, கை பழகியிருந்ததால். கண்ணாடிகளை முழுக்க ஏற்றி, வெளிக்காற்று வராமல் உள்காற்றே சுற்றும்படி ஏசியைத் திருப்பி, ஈரத்துண்டை ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். நாய்கள் இருமின, முன்னங்காலால் மூக்கைத் தேய்த்துக்கொண்டே இருந்தன. கட்டாமல் இருந்திருந்தால் இரண்டும் பையன் மேலேறிப் பாய்ந்திருக்கும். ரோட்டில் ஆட்டோ, பைக், நடந்து ஓடுகிறவர்கள், எல்லாம் திருவொற்றியூர் நோக்கி. எத்தனை முறை பிரேக் அடித்தேனோ தெரியாது. உள்ளே யாரும் யார்மேலும் விழவில்லை.

திருவொற்றியூரில் இறங்கியபோது ஒருவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நாயைச் சங்கிலியில் கட்டியபடியே விட்டு ஓடிவந்திருக்கிறார். அவிழ்க்கப் போனபோது நாய் பயத்தில் துள்ளியது, கொக்கி கைக்கு வரவில்லை, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அவரை யார் குறை சொல்ல முடியும்? விடியும் முன் அவரோடு திரும்பிப் போனேன். நாய் குழாயடிச் சேற்றில் மூக்கைப் புதைத்துப் படுத்திருந்தது, உயிரோடு. அதையும் பின் சீட்டில் கட்டி நேரே வேப்பேரிக்கு ஓட்டினேன்.

அதற்குப் பிறகு எங்கள் குப்பங்களில் நாய் வளர்ப்பவர்களிடம் நான் கேட்டு வாங்கும் உறுதி இவ்வளவுதான். சங்கிலியில் ஒரே இழுப்பில் கழறும் கொக்கி வேண்டும். ஹார்னெஸும் நடைக்கயிறும் வாசல் ஆணியில் தொங்க வேண்டும், பரணில் இல்லை. அளவு தெரியாதவர்கள் முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி ஒரு நூலால் அளந்து என்னிடம் கொடுத்தால் பெரியவர் தைத்துத் தருவார். நாடாவுக்கும் வளையத்துக்கும் ஆன காசு மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சவாரி இல்லாதபோது வண்டியை எங்கள் தெருமுனை நிழலில் நிறுத்தி, நான்கு கதவையும் திறந்துவைப்பேன். யார் வேண்டுமானாலும் நாயோடு வரலாம். முதல் வாரம் நாய் ஏறி, ஒரு துண்டு கருவாடு தின்றுவிட்டு இறங்கும், அவ்வளவுதான். அடுத்த வாரம் ஹார்னெஸ். அதற்கடுத்து பெல்ட், கதவை மூடல், பிறகு இன்ஜினை மட்டும் ஓடவிடல். அதற்கும் அசையாமல் இருந்தால் தாழங்குப்பம் வரை ஒரு நடை. அவசரப்படுத்தினால் நாய் வண்டியையே வெறுத்துவிடும், பிறகு ஆபத்து நேரத்தில் ஏற்றவே முடியாது. நாய்க்காரர்கள் வீட்டுப் பிள்ளைகளைத்தான் பெல்ட் மாட்டச் சொல்வேன். பத்து வயதுப் பெண் ஒருத்தி இப்போது கண்ணை மூடிக்கொண்டே தன் நாய்க்கு மாட்டிவிடுகிறாள். அவள் அப்பாவுக்கு இன்னும் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரச் சொல்லியிருக்கிறேன்.